இருநூற்று முப்பது வோல்ட்

இருநூற்று முப்பதை நாலு புள்ளி மூன்று ஐந்தால் வகுத்தால் ஐம்பத்து மூன்று வருகிறது. துல்லியமாகப் பார்த்தால் ஒரு இம்மி குறையும், இருக்கட்டும், ஐம்பத்து மூன்று ஓம்ஸ், அதுதான் நல்ல காயில், அடுப்பில் சிவக்கிற கம்பிச் சுருள். அதே இரண்டையும் வகுக்காமல் பெருக்கினால் ஆயிரம் வாட்ஸ், கரண்ட் அடுப்புக்கு வேண்டியது அதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் தடை, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அது எரிக்கும் வாட்ஸ், இந்த இரண்டுக்கு மேல் இங்கே ஒரு படிப்பும் வேண்டாம் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதலாளி சொல்லி உட்காரவைத்த அதே ஸ்டூலில்தான் இப்போதும் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டூலின் ஒரு கால் குட்டை, அதற்கு அட்டையை மடித்து வைத்திருக்கிறேன், என் இடுப்புக்குத்தான் மடித்து வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றிருபது காயில், நூற்றிருபது வகுத்தல், நூற்றிருபது பெருக்கல், வீட்டில் பருப்பைக் களையும்போது கூட வாய் தானாக ஐம்பத்து மூன்று என்று சொல்லும். சிவசாமி, என் வீட்டுக்காரர், தூக்கத்தில் நான் எண்களாகப் புலம்புகிறேன் என்கிறார், அவர் லோடு ஆட்டோவின் ஹாரனை வாயாலேயே அடிக்கிறவர், அவர் சொல்கிறார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு காயிலையும் டெஸ்ட் செய்யாமல் இந்த ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எங்கேயாவது விடை மாறிவிடாதா என்று. மாறவில்லை. கணக்கு என்னை மாதிரி இல்லை, அதற்கு அசதி கிடையாது. தகர ஷீட்டிலிருந்து வெக்கை தலைமேல் இறங்குகிறது, அதற்கு மேல் எனக்குள்ளேயே ஒரு வெக்கை, நாற்பத்தெட்டு வயதில் வருகிற வெக்கை, கழுத்திலிருந்து கிளம்பிக் காதுவரை ஏறிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிவிடும். மணி இரண்டு இருபது. நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

நடந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பார்த்தவர்கள் யாராவது இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே சொல்லுவார்கள். காலையில் பன்னிரண்டு மணிவரை கரண்ட் இல்லை, லைனில் ஏதோ வேலை என்று நிறுத்தியிருந்தார்கள். வந்தபிறகு முதல் காயிலை எடுத்து இரண்டு கிளிப்புக்கும் நடுவில் மாட்டி சுவிட்சைத் தட்டினேன். சுவரில் எனக்கு நேரே இரண்டு மீட்டர், இடதுபக்கம் வோல்ட், வலதுபக்கம் ஆம்பியர். காயில் சிவந்து வருவதற்குள் வலதுபக்கத்து முள்ளைப் பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும், அந்த இரண்டு வினாடிதான் என் வேலை. முள் நாலு புள்ளி ஒன்பதில் நின்றது. நாலே காலுக்கும் நாலரைக்கும் நடுவில் நின்றால் பாஸ், இது கிட்டத்தட்ட ஐந்து. அடுத்தது, அதுவும் நாலு புள்ளி ஒன்பது. ஆறு காயில் மாட்டினேன், ஆறும் அப்படியே. காயில் சுற்றுகிற பரிமளாவைப் பார்த்துக் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன், ஏம்மா, சுத்தைக் கொறச்சுப்போட்டியா என்று. அப்போதுதான் ஷெட் அத்தனை அமைதியாக இருப்பது உறைத்தது. பக்கத்து பவுண்டரி இன்றைக்கு ஓடவில்லை, அவர்கள் வீட்டுப் பெரியம்மா தவறிப்போய்விட்டார்கள், கேட்டில் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். உலை உறுமாத மதியம் எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தது. அந்த அமைதியில் கண் சும்மா இடதுபக்கம் போனது. வோல்ட் முள் சிவப்புக் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. கோடு இருநூற்று முப்பதில் இருக்கிறது, முதலாளி தன் சம்சாரத்தின் நகப்பாலிஷை எடுத்துவந்து போட்ட கோடு. முள் கோட்டின் மேல் நிற்பதில் என்ன அதிசயம், அங்கேதானே நிற்க வேண்டும். ஆனால் அதை அங்கே கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஸ்டெபிலைசர், வோல்ட்டை ஏற இறங்க விடாமல் பிடித்து வைக்கிற பெட்டி, அது இருந்தவரை அந்த முள் பொட்டு வைத்த மாதிரி அசையாமல் நிற்கும். வருஷம் முழுக்க நிற்கும். நிற்கிற ஒன்றை எத்தனை தரம்தான் பார்ப்பது. அதனால் எனக்கு ஒரு பழக்கம், காலையில் வந்ததும் நோட்டைத் திறந்து மூன்று பக்கத்துக்கும் முதல் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை இருநூற்று முப்பது, இருநூற்று முப்பது என்று நிரப்பிவிடுவேன், பக்கத்துக்கு நாற்பது வரி, நூற்றிருபது இருநூற்று முப்பது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி ஒரு சுகம் அதில் இருக்கிறது. பிறகு நாள் முழுக்க ஆம்பியரை மட்டும் பார்த்து எழுதினால் போதும். முதலாளி அதைப் பார்த்து ஒரு தரம், அக்கா வேகம் யாருக்கு வருமுங்க என்றார், நானும் பூரித்துப்போனேன். பதினெட்டு நாளைக்கு முன்னால் ஸ்டெபிலைசர் கருகின வாசனை அடித்தது. ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். லைனை நேரே கொடுத்துவிட்டு முதலாளி என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார், அவர் நின்ற இடம், கையில் வைத்திருந்த ஸ்குரூ டிரைவர், எல்லாம் இப்போது பளிச்சென்று வருகிறது, பதினெட்டு நாளாக வராதது இப்போது வருகிறது. "ரெண்டு நாள்ல வந்துருமுங்க்கா. அதுவரைக்கும் வோல்ட்டையும் பாத்து எழுதிக்குங்க, ஏறி எறங்கும்." சரிங்க என்றேன். சரிங்க என்று சொன்ன வாய் என்னுடையதுதான். மறுநாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள், நாலரைக்கே எழுந்து ஒன்பது குடம் பிடித்து, சோறு கட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, உட்கார்ந்ததும் கை நோட்டைத் திறந்தது, இருநூற்று முப்பது, இருநூற்று முப்பது. கண் பாதி மூடியிருந்திருக்கும். யார் மேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், அன்றைக்கு நான் வேண்டுமென்று செய்யவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை என்று எதற்கு இத்தனை தரம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். திரும்பினால் பின்னால் கிட்டம்மாக்கா உட்கார்ந்திருக்கிறாள், பேக்கிங் டேபிளில். காயிலைப் பேப்பரில் சுருட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள், பெட்டிக்கு நூறு. குனிந்த தலை நிமிரவில்லை. அந்த டேபிள் அவள் இடமே இல்லை. பத்தொன்பது வருஷம் காயில் சுற்றினவள், நான் இங்கே வருவதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே வந்தவள். அவள் மெஷினில் கவுண்டர் கெட்டுப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, யாரும் சரிசெய்யவில்லை, வேண்டியிருக்கவில்லை. வாய்க்குள்ளேயே எண்ணுவாள். உதடு அசைவது தெரியும், சத்தம் வராது, நடுவில் யாராவது கூப்பிட்டால் கையைத் தூக்கி நிறுத்து என்பாள், எண்ணி முடித்துவிட்டுத்தான் என்ன கண்ணு என்று கேட்பாள். நானூற்றுப் பத்துச் சுற்று, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஸ்டெபிலைசர் போன மறுநாள் அவள் காயில் எல்லாம் மூன்று புள்ளி ஒன்பது காட்டியது. நாலே காலுக்குக் கீழே, சுற்று கூடித் தடை கூடினால் அப்படித்தான் குறையும். ஒரு தட்டு முழுக்க ரிஜெக்ட். இரண்டாவது தட்டும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கழுத்தை ஒரு விரற்கடை இடதுபக்கம் திருப்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். அவர் வந்தார். "கிட்டம்மாக்கா, சுத்து எச்சாப் போயிருக்குதுங்களே" என்றார். "நானூத்திப்பத்துங்க. என்ற கை தப்பாதுங்க" என்றாள். அப்போது நான் ஒன்று சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். "மீட்டர் பொய் சொல்லுமாக்கா?" என்றேன், சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இப்போது அந்தப் பார்வையில் வந்து மாட்டிக்கொள்கிறேன், எங்கே சுற்றினாலும் அங்கே வந்துதான் நிற்கிறேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. மீட்டர் பாவம் என்ன செய்யும், அது பதினெட்டு நாளாக உண்மையைக் காட்டிக்கொண்டு சுவரில் தொங்கியது.

வயசாயிருச்சுங்க்கா, எண்ணிக்கை தவறுது, கொஞ்ச நாள் பேக்கிங் பாருங்க என்று முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். அவள் தன் சாப்பாட்டுக் கூடையையும் உட்காருகிற சாக்கையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவள் இடத்தில் பரிமளா, புது கவுண்டர், புது மெஷின். பரிமளா சுற்றச் சுற்ற நான் மீட்டரில் பார்த்து, இன்னும் குறை, இன்னும் குறை என்று சொல்லி, முந்நூற்று அறுபத்து நாலு சுற்றில் நாலு புள்ளி மூன்று ஐந்து வந்தது. பாருங்க, இதைப் போய் நானூத்திப்பத்துங்கறாங்களே என்று முதலாளி தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இன்றைக்குக் குப்பைப் பெட்டியின் அடியில் கையை விட்டு கிட்டம்மாக்காவின் பழைய ரிஜெக்ட் காயில் ஒன்றை எடுத்து மாட்டினேன். பவுண்டரி ஓடாத இந்த மதியத்தில், முள் சிவப்புக் கோட்டில் நிற்கும் இந்த மதியத்தில், அது நாலு புள்ளி மூன்று ஐந்தைக் காட்டியது. இன்னொன்று எடுத்தேன், அதுவும். மூன்றாவதை எடுக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, போய்த் தயிர்சோற்றைப் பிசைந்தேன், ஊறுகாயை மட்டும் தின்றுவிட்டு டப்பாவை மூடினேன்.

பார்க்கவில்லையா, பார்க்கப் பிடிக்கவில்லையா? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் கம்பெனி புது ஷெட்டுக்குப் போகிறது. அங்கே பொம்பளைகளுக்கு ஒரு சூப்பர்வைசர் போடப்போகிறார்கள், கிட்டம்மாக்கா இல்லையென்றால் நான், அது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சிவசாமியிடம் கூடச் சொன்னதில்லை. ஆனால் அங்கே ஒரு நாற்காலி போடுவார்கள், முதுகு சாயக்கூடிய நாற்காலி, அதை நான் எத்தனை தரம் நினைத்திருக்கிறேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதெல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அப்படியானால் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி ரூமுக்கு நடந்தபோது என் காலில் ஒரு சுறுசுறுப்பு இருந்ததா? இருந்தது. முட்டிவலிக்காரிக்கு எங்கிருந்து வந்தது அந்தச் சுறுசுறுப்பு? இல்லை, ஒரு நாளும் இல்லாமல் இரண்டு தட்டு ரிஜெக்ட் ஆனால் யாருக்கும் பதற்றம் வரும், பதற்றத்தில் நடை வேகமாகும். அப்படியும் சொல்லலாம். எப்படியும் சொல்லலாம், அதுதான் பயமாக இருக்கிறது. மனசுக்கு ஒரு மீட்டர் இருந்து யாராவது மாட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டால் தேவலை. சொல்லிவிட்டால் மட்டும் நான் பார்த்துக் கிழித்துவிடுவேனாக்கும்.

"ஏனுங்க்கா, மத்தியானமா ஒண்ணும் ஓடலையாட்ட இருக்குது?" முதலாளி ரூமை விட்டு வந்து நிற்கிறார். என்னை விட ஆறு வயது சின்னவர், சவுந்தரராஜன், அவர் அப்பா காலத்தில் இந்த ஷெட்டில் வாளியில் உட்கார்ந்து விளையாடினவர் என்று கிட்டம்மாக்கா யாரோ சொல்லக் கேட்டுச் சொல்லுவாள். "தலவலிங்க" என்கிறேன். "வெயில் அப்படிங்க. டீ வேணா முன்னாடியே சொல்லட்டுங்களா?" வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். "நாளன்னிக்கி ஸ்டெபிலைசர் வந்துருதுங்க, போன் பண்ணிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கின சூட்டிலே எழுந்து நின்று சொல்லியிருப்பேன். டீ வேண்டுமா என்று கேட்கிறவரிடம் எதைச் சொல்லுவது.

நாளன்னைக்கு ஸ்டெபிலைசர் வந்துவிடும். வந்தால் என்ன ஆகும்? பரிமளாவின் காயில் எல்லாம் நாலு புள்ளி ஒன்பது காட்டும். பரிமளாவைக் கூப்பிட்டுச் சுற்றைக் கூட்டச் சொல்லுவோம். கூட்டிக்கொண்டே போனால் நானூற்றுப் பத்தில் வந்து நிற்கும். புது லாட் கம்பி போலிருக்கிறது என்று யாராவது சொல்லுவார்கள், நானே சொல்லலாம். எல்லாம் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது, நோட்டில் பதினெட்டு நாளும் அழகாக இருநூற்று முப்பது இருக்கிறது. ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இதை நினைத்ததும் உடம்பு அப்படியே தளர்ந்து ஸ்டூலில் அமுங்கியது, சொல்லத்தான் வேண்டும், ஒரு கண நேரம் தூக்கமே வந்துவிட்டது. அவ்வளவு அசதி எனக்கு. நல்லது செய்வதற்கும் கெட்டது செய்வதற்கும் எழுந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது, சும்மா இருப்பதற்கு மட்டும்தான் உட்கார்ந்தால் போதும். ஆனால் நானூற்றுப் பத்து என்று பரிமளாவின் கவுண்டரில் விழும்போது பின்னால் அந்த டேபிளில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே. அவள் காதில் விழுமே.

கால்குலேட்டரைத் தட்டுகிறேன். இன்றைக்கு வோல்ட் இருநூற்று முப்பத்திரண்டு, பார்த்துத்தான் சொல்கிறேன், ஆம்பியர் நாலு புள்ளி ஒன்பது. வகுத்தால் நாற்பத்தேழு ஓம்ஸ். பரிமளாவின் காயில் நாற்பத்தேழு, நோட்டில் நான் எழுதியிருப்பது ஐம்பத்து மூன்று. அதே காயில் இத்தனை நாளும் நாலு புள்ளி மூன்று ஐந்து இழுத்தது, நாற்பத்தேழை நாலு புள்ளி மூன்று ஐந்தால் பெருக்கினால் இருநூற்று நாலு, இருநூற்று ஐந்து. பவுண்டரி உலை ஓடுகிறபோது எங்கள் லைன் அவ்வளவுக்கு இறங்கிப்போகிறது. பதினெட்டு நாளாக நான் ஏறிட்டே பார்க்காத முள் எங்கே நின்றது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து கணக்குச் சொல்லிவிட்டது. சரி, இந்த நாற்பத்தேழை யாரோ ஒருத்தி வீட்டில் மாட்டினால்? அவள் லைனில் இருநூற்று முப்பது வந்தால் ஆயிரத்து நூறு வாட்ஸுக்கு மேல். ராத்திரி ஊர் அடங்கின பிறகு இருநூற்றைம்பது வரை ஏறும், அப்போது ஆயிரத்து முந்நூற்று முப்பது, ஐந்தே கால் ஆம்பியருக்கு மேல். அடுப்போடு வருவது ஐந்து ஆம்பியர் பிளக், வாடகை வீட்டு வயர் அதைவிட ஒல்லி. பிளக் முதலில் சூடாகும், பிறகு பழுப்பாகும், பிறகு பிசுபிசுக்கும். லேடீஸ் ஹாஸ்டல் ரூமில் வார்டனுக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் அடுப்பு வைத்திருக்கிறவளைக் கண்ணுக்கு முன்னால் பார்க்கிறேன், எந்த ஊரோ, முட்டை வேகவைக்கிறாள், போர்வை நுனி தொங்குகிறது. அவள் முகம் எனக்குத் தெரியாது. தெரியாதது தேவலை என்று நினைக்கிறேன், உடனே அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். இரண்டு வண்டி ஏற்கெனவே போய்விட்டது. அடுப்புக் கம்பெனியில் அதையெல்லாம் இன்னும் மாட்டியிருக்கமாட்டார்கள், மாதக் கடைசியில்தான் மாட்டுவார்கள். மாட்டிவிட்டார்களோ என்னவோ. இன்றைக்கு ஆறு பெட்டி. ஆறும் நான் பாஸ் என்று சீல் குத்தினது.

மூன்றரை. வெக்கை ஒரு சுற்று வந்து இறங்கிப்போனது, முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறேன். கிட்டம்மாக்கா நாலாவது பெட்டியை மூடி டேப் ஒட்டுகிறாள். டேப் கிழிகிற சத்தம் பவுண்டரி ஓடுகிற நாளில் கேட்கவே கேட்காது, இன்றைக்கு ஒவ்வொரு கிழிப்பும் கேட்கிறது. பதினேழு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நான் பேசினேன், ஒன்றிரண்டு தரம், சாப்டாச்சாக்கா என்றேன், ம் என்றாள். கோபித்துக்கொண்டாள், வயதானவள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையில் தவறு செய்துவிட்டு வீம்பு வேறு என்று பரிமளாவிடம் சொன்னேன். சொன்னேனே. அதையும் சொன்னேன். முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றால் அவள் டேபிளைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை இந்த ஷெட்டில். சொன்னால் நாற்காலி போகும். நாற்காலி போனால் போகிறது, ஸ்டூலும் போகலாம். நாற்பத்தெட்டு வயசுக்காரியை இனி எந்தக் கம்பெனியில் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்? பதினோரு வருஷம் தவறாமல் வேலை பார்த்தவள் என்ற பேர் போகும், மத்தவர்கள் வாயில் வேறு பேர் வரும். பார்க்காமல் எழுதினவள். ரங்கநாயகியா, அந்தப் பார்க்காமல் எழுதினவளா. எனக்கு இருக்கிற ஒரே பேர் அது, வேறு ஒன்றும் நான் சேர்த்து வைக்கவில்லை. அழுகை வருகிறது என்று நினைத்தேன், கொட்டாவிதான் வந்தது.

ஐந்தாவது பெட்டி. எழுந்திரு, எழுந்திரு என்று எனக்கே சொல்கிறேன், பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை எழுப்புகிற மாதிரி. முட்டி மளுக்கென்றது. நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன், எதற்கு என்று தெரியவில்லை, கையில் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது. பரிமளா தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். எட்டு அடிதான் அந்த டேபிளுக்கு. நேராகத் தாண்டி ரூமுக்குள் போய்விடுவது என்றுதான் கிளம்பினேன், முதலில் முதலாளி, பிறகு அவர் பார்த்துச் சொல்லிக்கொள்ளட்டும் என்று. டேபிள் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிட்டது. கிட்டம்மாக்கா ஆறாவது பெட்டியின் வாயைச் சேர்த்துப் பிடித்து டேப்பை இழுத்தாள்.

"அக்கா, ஒட்டாதீங்க" என்றேன்.

நிமிரவில்லை. "ஏன்?"

"அதெல்லாம் எச்சு வாட்ஸ்ங்க்கா. சுத்துக் கம்மி. உங்க நானூத்திப்பத்துதான் சரி." நோட்டை அவள் பக்கம் நீட்டினேன். "லைன் எறங்கிக் கெடந்துருக்குது. நான் வோல்ட் முள்ளப் பாக்காமயே இருநூத்தி முப்பதுன்னு எழுதிட்டு இருந்துருக்கேன். பதினெட்டு நாளா. இன்னிக்குத்தான் பாத்தேன். உங்க கை தப்பலைங்க்கா. தப்பு என்னுது."

அவள் டேப்பைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், இரண்டுக்கும் தயாராக நின்றேன். அவள் என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தாள். நானும் திரும்பினேன். அங்கே இருந்து மீட்டர் இரண்டும் நன்றாகத் தெரிந்தது, நான் உட்காருகிற ஸ்டூலிலிருந்து தெரிவதைவிட நன்றாக, சிவப்புக் கோடு, முள், எல்லாம். நாள் முழுக்க அதற்கு நேரேதான் அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"நான் இந்த டேபிளுக்கு வந்த அன்னிக்கே பாத்தேன், முள்ளு கோட்டுக்கு வரலையின்னு" என்றாள். குரலில் கோபமே இல்லை, அசந்துபோன குரல். "எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனா கோட்டுக்கு வரலையின்னு தெரியுமில்ல. தெனமும் பாத்தேன். நீ அதுக்கு நேரா குத்தவெச்சு உக்காந்துட்டு எழுதிட்டே இருந்தே. செரி, பாத்துட்டுத்தான் எழுதறான்னு நெனச்சேன்."

"அக்கா..."

"புது ஷெட்டுல அந்த எடம் உனக்கு வேணும், அதுக்குத்தான் இத்தனையும்னு நெனச்சேன். வயிறு எரிஞ்சுது. ஆனா ஒரு பக்கம் ஆறுச்சு ரங்கா. இவளுக்கு என்மேல ஒரு போட்டி இருக்குது, என்னைய ஒரு ஆளா மதிச்சு அடிச்சுருக்கறான்னு." பெட்டி மூடியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "பாக்காமயே எழுதிப்போட்டியா என்னைய?"

கேட்டில் வண்டி ஹாரன் அடித்தது, லோடுமேன் இரண்டு பேர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் ரூம் கதவைத் தள்ளினேன். முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னங்க்கா என்று தலையை ஆட்டினார். "போனை வைங்க" என்றேன், பதினோரு வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசினதில்லை. அவர் வைத்தார். நோட்டை அவர் மேஜைமேல் பிரித்து வைத்து, முதல் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கண்ணாடி வழியாக வெளியே தெரிந்தது. லோடுமேன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். கிட்டம்மாக்கா இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு, தூக்கவிடாமல், இந்த ரூமையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.